வெளுத்ததெல்லாம் ஒரே வெள்ளையா?

வாசகர் கேள்வி – பதில்: குதிரையின் நிறம்

குதிரை வளர்ப்பு பற்றி வந்த கடிதங்களில் வெள்ளைக் குதிரை தொடர்பானவற்றைத் தனியே பிரித்து இந்த இதழில் பதில் தருகிறோம். வெள்ளை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்; அதற்குப் பின்னால் வெவ்வேறு மரபணுக்கள் நிற்கின்றன. ஒரு குதிரைக்குச் சொன்ன பதில் பக்கத்து லாயத்துக் குதிரைக்குப் பொருந்தாது. சில இடங்களில் குட்டியின் உயிரே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஆகவே படிக்கும் முன் உங்கள் குதிரையைப் பற்றி மூன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: பிறந்தபோது என்ன நிறம், முடியை விலக்கினால் தோல் என்ன நிறம், கண் என்ன நிறம்.

கே: மெரினாவில் சவாரிக்கு விடும் எங்கள் குதிரை பிறந்தபோது கருஞ்சிவப்பு. இப்போது ஐந்து வயது. உடம்பெல்லாம் சாம்பல் பூத்து முகம் வெளுத்துவிட்டது. தாது உப்புக் குறைவு என்று சொல்லி மாதாமாதம் மருந்து விற்கிறார்கள். வாங்கலாமா?
– திருவல்லிக்கேணி வாசகர்

ப: இதற்காக வாங்க வேண்டாம். உங்கள் குதிரைக்கு நரைக்கிறது. மனிதருக்கு முதுமையில் நரைக்கும். இந்தக் குதிரைகளுக்கு இளமையிலேயே நரைத்துவிடும். பந்தயக்காரர்கள் ‘கிரே’ என்று சொல்லும் நிறம் இதுதான். வெள்ளை முடியும் கருந்தோலும் சேர்ந்து இருந்தால் அது அனேகமாகக் கிரேதான்.

நரையா, வெயிலில் வெளிறியதா, சத்துக்குறைவா என்பதை நீங்களே பார்த்துச் சொல்லிவிடலாம். நல்ல வெளிச்சத்தில் கழுத்து முடியை விரலால் விலக்கி ஒவ்வொரு முடியாகப் பாருங்கள். வெயிலில் வெளிறிய முடி நுனியில்தான் மங்கியிருக்கும், அடியில் நிறம் இருக்கும். நரைத்த முடி வேரிலிருந்து நுனிவரை வெள்ளை. அதை ஒட்டியே நிறமுள்ள முடியும் நிற்கும், எள்ளும் அரிசியும் கலந்ததுபோல. சத்துக்குறைவில் முடி மொத்தமும் பொலிவிழந்து சொரசொரப்பாகுமே தவிர இப்படிக் கலந்து நிற்காது. ரோன் என்ற நிறத்திலும் வெள்ளை முடி கலந்திருக்கும். ஆனால் அதில் தலையும் கால்களும் தம் அடர்நிறத்திலேயே நிற்கும், ஆண்டுகள் போனாலும் உடம்பு மேலும் வெளுக்காது. கிரேயில் முகம்தான் முதலில் வெளுக்கும்.

காரணம் இது. எஸ்.டி.எக்ஸ்.17 என்ற மரபணுவுக்குள் சுமார் 4,600 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி கூடுதல் முறை படியெடுக்கப்பட்டு அடுத்தடுத்து நிற்கிறது. ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தின் லெய்ஃப் ஆண்டர்சன் குழு 2008-ல் இதைக் கண்டுபிடித்தது. அரபுக் குதிரையானாலும் வியன்னாவின் லிப்பிசானர் ஆனாலும் கிரே எல்லாவற்றிலும் இதே இடத்தில்தான் கோளாறு. எங்கோ ஒரு முன்னோர்க் குதிரையிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது இது. இந்தப் படி நிறமிச் செல்களை அளவுக்கு மீறி முடுக்கிவிடுகிறது. முடியின் வேர்ப்பையில் இருக்கும் தாய்ச்செல்கள் கையிருப்பைச் சீக்கிரமே செலவழித்துத் தீர்ந்துபோகின்றன. அதன்பின் முளைக்கும் முடிக்குச் சாயம் இல்லை. தோலில் உள்ள நிறமிச் செல்களோ தீர்வதில்லை. அதனால்தான் மேலே வெள்ளை, கீழே கறுப்பு.

பெரும்பாலான கிரே குதிரைகள் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் வெளுத்து முடிகின்றன. சில பத்தைத் தாண்டியும் சாம்பலாகவே நிற்கும். 2024-ல் வெளியான ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது: அந்தப் பகுதி ஒரே இழையில் மூன்று முறை இருந்தால் வேகமான நரை, இரண்டு முறை இருந்தால் மெதுவான நரை. அதோடு தாய், தந்தை இருவரிடமிருந்தும் கிரே வந்திருந்தால் வேகம் இன்னும் கூடும். வெளுத்த உடம்பில் கடுகு தெளித்ததுபோல் சிவப்புப் புள்ளி நிற்பது பெரும்பாலும் ஒருவரிடமிருந்து மட்டும் கிரே வாங்கிய குதிரையில்தான்.

குட்டியிலேயே கண்டுகொள்ளவும் வழி உண்டு. சாதாரணக் குட்டி வெளிறிய நிறத்தில், கால்கள் சாம்பலோடிப் பிறக்கும். கிரே ஆகப்போகும் குட்டி வளர்ந்த குதிரையின் அடர்நிறத்தோடு பிறக்கும். பிறகு கண்ணைச் சுற்றிக் கண்ணாடி மாட்டியதுபோல் வெள்ளை முடிகள் தோன்றும். ஜொலிக்கும் கறுப்புக் குட்டி என்று கூடுதல் விலை கொடுக்கும் முன் கண்ணிமையை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

கே: எங்கள் 14 வயது வெள்ளைப் பெண்குதிரைக்கு வாலடியில் கொண்டைக்கடலை அளவில் கறுப்பாக இரண்டு முடிச்சுகள். வலி இல்லை. விட்டுவிடலாமா?
– மாதவரம் வாசகி

ப: விட்டுவிடாதீர்கள். பயந்து கீறவும் வேண்டாம். உங்கள் குதிரை கிரே என்றால் இது மெலனோமா என்ற நிறமிக்கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன அதே முடுக்கம்தான் இங்கேயும் வேலை செய்கிறது: முடியின் வேரில் செல்கள் தீர்கின்றன, தோலில் அவை பெருகுகின்றன. 15 வயதைத் தாண்டிய கிரே குதிரைகளில் 70 முதல் 80 விழுக்காட்டுக்கு இந்தக் கட்டி எங்காவது இருக்கும். இரு பக்கமும் கிரே வாங்கிய குதிரைக்கும், அடிநிறம் கறுப்பான குதிரைக்கும் அபாயம் கூடுதல். மெதுவாக நரைக்கும் வகையில் அபாயம் குறைவு.

மாதம் ஒரு நாள் குறித்துக்கொண்டு கையால் தடவிப் பாருங்கள். வாலின் அடிப்பகுதி, ஆசனவாயைச் சுற்றி, பெண்குறி இதழ்கள், ஆண்குதிரையானால் குறியின் உறை, உதடுகள், கண்ணிமை, காதுக்குக் கீழே தாடை திரும்பும் இடம். கட்டி எங்கே இருக்கிறது என்று ஒரு படம் வரைந்து, அளவை மில்லிமீட்டரில் எழுதி, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் புகைப்படம் எடுத்து வையுங்கள். பல கட்டிகள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருக்கும். திடீரென வளர்ந்தாலோ, மேல்தோல் வெடித்துக் கறுப்பாகக் கசிந்தாலோ, லத்தி போடும்போது குதிரை முக்கினாலோ தாமதிக்கக் கூடாது.

சிறிதாக இருக்கும்போதே அறுவையில் எடுத்துவிடுவது எளிது. கொத்துக்கொத்தாகச் சேர்ந்து ஆசனவாயைச் சுற்றிவிட்டால் வெட்டி எடுக்கத் தோலே மிஞ்சாது. “வலி இல்லையே, பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடுவதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். இந்த வாரமே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் மருத்துவரிடமோ காட்டுங்கள். நூல் கட்டி இறுக்குவது, சுண்ணாம்பு வைப்பது, ஆசிட் தொடுவது எதுவும் வேண்டாம். புண் ஆறாது, கட்டியும் போகாது.

கே: அப்படியானால் பிறக்கும்போதே வெள்ளையாகப் பிறக்கும் குதிரை கிடையாதா?
– வேளச்சேரி மாணவர்

ப: உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் கருவில் நடக்கும் ஒரு பயணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்து வரும் பல கேள்விகளுக்கும் விடை இதில்தான் இருக்கிறது.

கருவில் முதுகுத்தண்டு உருவாகும்போது அதன் விளிம்பில் நரம்பு முகடு என்று ஒரு செல் கூட்டம் தோன்றும். நிறமிச் செல்களின் முன்னோர் அங்கிருந்து புறப்பட்டு இரு விலாவிலும் இறங்கி வயிறு, கால், நெற்றி, மூக்கு நுனி வரை நடக்கின்றன. தொலைவான இடத்துக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும். கொஞ்சம் பிந்தினாலும் அங்கே வெள்ளை விழும். நெற்றிச்சுட்டியும் வெள்ளைக் குளம்படியும் எல்லாக் குதிரையிலும் ஏன் அதே இடங்களில் வருகின்றன என்பதற்கு இதுவே காரணம்.

இந்தச் செல்கள் வழியில் சாகாமல் நடக்க கிட் என்ற மரபணு தரும் சமிக்ஞை வேண்டும். அதில் பழுது வந்தால் பயணம் பாதியில் நிற்கும். பழுதின் அளவைப் பொறுத்து நீண்ட காலுறை முதல் முழு வெள்ளை வரை எதுவும் வரலாம். இதை ‘ஓங்குவெள்ளை’ எனலாம். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு படி (மரபணுவின் ஒரு பிரதி) வந்தாலே வெளிப்படும். டபிள்யூ1, டபிள்யூ2 என்று எண்ணிட்டு முப்பதுக்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டிருக்கிறார்கள். டபிள்யூ20 தனியாக இருந்தால் முகத்திலும் காலிலும் வெள்ளையைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவே. அதுவே டபிள்யூ5 அல்லது டபிள்யூ22 உடன் சேர்ந்தால் குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கும்.

இவற்றின் தோல் இளஞ்சிவப்பு. கண் பெரும்பாலும் பழுப்பு. வெள்ளை முடி, சிவந்த தோல், கருவிழி என்ற சேர்க்கையைப் பார்த்தால் முதலில் கிட் மரபணுவைச் சந்தேகியுங்கள். இந்த வகையில் சிலவற்றுக்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால் கரு தங்காது என்று கருதப்படுகிறது. அதனால் இப்படிப்பட்ட இரண்டு வெள்ளைகளை இணை சேர்க்கும் முன் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

கே: ஊர்வலத்துக்கு விடும் எங்கள் குதிரைக்கு வெண்ணெய் நிறம், ரோஜாத் தோல், நீலக்கண். எல்லோரும் ஆல்பினோ என்கிறார்கள். பார்வை போய்விடுமா? இதற்குக் குட்டி எடுத்தால் அதே நிறம் வருமா?
– பெரம்பூர் வாசகர்

ப: ஆல்பினோ அல்ல. நிறமியே செய்யத் தெரியாத உண்மையான ஆல்பினோ குதிரைகளில் இதுவரை காணப்படவில்லை. நீங்கள் சொல்வது இரட்டைக் கிரீம். எஸ்.எல்.சி.45.ஏ.2 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வருவது, 2003-ல் கண்டறியப்பட்டது. இதில் நிறமிச் செல்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விடுகின்றன. வேலைதான் மந்தம். உற்று நோக்கினால் முடி தூய வெள்ளையாக இல்லாமல் தந்தம் போலவோ வெண்ணெய் போலவோ இருப்பது தெரியும். நெற்றிச்சுட்டி இருந்தால் அந்த வெண்ணெயிலும் அது தனியாகத் தெரியும். ஈரமாக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவு.

இந்த நிறத்தால் பார்வை போகாது. வெயிலில் கண் கூசும், நிழலில் நிறுத்துங்கள்.

குட்டி விஷயம் கணக்குப்படிதான் வரும். உங்கள் குதிரையிடம் இருப்பவை இரண்டும் கிரீம் படிகள். எந்தக் குட்டிக்கும் ஒன்று கட்டாயம் போகும். உங்கள் குதிரையின் அடிநிறமும் சிவப்பு என்றால், சாதாரணச் சிவப்புக் குதிரையோடு சேர்த்தால் குட்டி எல்லாமே பொன்னிற உடம்பும் வெள்ளைப் பிடரியும் உள்ள பாலோமினோ. குட்டியின் அடிநிறம் செம்பழுப்பு–கருங்கால் என்றால் ஒற்றைக் கிரீமில் வெளிர் உடம்பும் கருங்காலும் கொண்ட பக்ஸ்கின் பிறக்கும். இன்னொரு இரட்டைக் கிரீமோடு சேர்த்தால்தான் எல்லாம் உங்கள் குதிரையைப்போல் வரும். இரண்டு பாலோமினோக்களைச் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இரட்டைக் கிரீமுக்கு, இரண்டு பங்கு பாலோமினோவுக்கு, ஒரு பங்கு சிவப்புக்கு. இது ஒவ்வொரு சினைக்கும் தனித்தனியாகப் பூவா தலையா போடுவது. மூன்று குட்டி சிவப்பாகிவிட்டது, அடுத்தது வெள்ளைதான் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

வடக்கிலிருந்து வரும் வியாபாரிகள் சிவந்த தோலுள்ள வெள்ளைக் குதிரையை நுக்ரா என்பார்கள். அது சந்தைப் பெயர். ஒரு நுக்ரா கிட் வெள்ளையாக இருக்கலாம், இன்னொன்று இரட்டைக் கிரீமாக இருக்கலாம். இரண்டு நுக்ராக்களைச் சேர்த்தும் குட்டி நிறமாகப் பிறந்துவிட்டது என்று வரும் சண்டைகளுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்: தந்தையின் வெள்ளை ஒரு மரபணு, தாயின் வெள்ளை வேறு மரபணு.

கே: எங்கள் பட்டை போட்ட பெண்குதிரை சினையாக இருக்கிறது, பொலிக்குதிரையும் வெள்ளைத் திட்டு உள்ளதுதான். முழு வெள்ளைக் குட்டி பிறந்தால் அது சாகத்தான் பிறந்தது, பால் கொடுக்காமல் விட்டுவிடு என்கிறார்கள். உண்மையா?
– செங்குன்றம் வாசகர்

ப: இந்தக் கேள்வி எங்களைத் தூங்கவிடவில்லை. தயவு செய்து எந்தக் குட்டியையும் நிறத்தைப் பார்த்துக் கைவிடாதீர்கள். வெள்ளையாகப் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை நலமாக வாழ்பவை.

அந்தப் பேச்சுக்கு ஆதாரம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம். ஃபிரேம் ஓவரோ என்று ஒரு திட்டு வகை. விலாவில் கிழிந்த ஓரம் கொண்ட வெள்ளை, முதுகுக்கோட்டைத் தாண்டாது. முகத்தில் அகலமான வெள்ளை. கால்கள் பெரும்பாலும் நிறமாகவே இருக்கும். இ.டி.என்.ஆர்.பி. என்ற மரபணுவில் புரதத்தின் 118-வது இடம் மாறியதால் வருவது, 1998-ல் கண்டறியப்பட்டது. ஒரு படி இருந்தால் குதிரைக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு படி சேர்ந்தால் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். அதன் குடலில் நரம்புச் செல்கள் இருக்காது. மேலே சொன்ன நரம்பு முகட்டிலிருந்து புறப்படுவது நிறமிச் செல்கள் மட்டுமல்ல, குடலை அசைக்கும் நரம்புச் செல்களும்தான். இந்த மரபணு இரு படையையும் வழிநடத்துகிறது. இரண்டும் போய்ச் சேராதபோது தோலுக்கு நிறம் இல்லை, குடலுக்கு அசைவு இல்லை. மனிதக் குழந்தைகளின் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயும் இதே இயல்புடையது. குட்டி எழுந்து நிற்கும், பால் குடிக்கும், பிறகு வயிறு உப்பி காலிக் என்ற கடும் வயிற்றுவலி வந்து சில நாட்களில் இறந்துவிடும். சிகிச்சை இல்லை. இரண்டு ஃபிரேம் குதிரைகளைச் சேர்த்தால் இந்த அபாயம் ஒவ்வொரு சினையிலும் 25 விழுக்காடு.

இந்த மாற்றம் அமெரிக்க பெயிண்ட், குவார்ட்டர் குதிரை வழிகளில் நன்கு அறியப்பட்டது. கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாததுதான் இதில் உள்ள சிக்கல். சில ஃபிரேம் குதிரைகளுக்கு உடம்பில் திட்டே இருக்காது. கிரே ஆகி வெளுத்துவிட்டால் அடியில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இரு பெற்றோரில் ஒன்றையாவது பரிசோதியுங்கள். அதில் ஃபிரேம் இல்லை என்றால் இந்தப் பயமே இல்லை. உங்கள் குதிரையின் பட்டை முதுகைத் தாண்டி இறங்கி, நான்கு காலும் வெள்ளையாக, தலை நிறமாக இருந்தால் அது டோபியானோ வகை. அதில் இரண்டு படி சேர்ந்தாலும் குட்டிக்கு ஆபத்து இல்லை. ஆனால் ஒரே குதிரையில் டோபியானோவும் ஃபிரேமும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் பரிசோதனையை விட்டுவிட வேண்டாம்.

குட்டி வெள்ளையாகவே பிறந்துவிட்டால் என்ன செய்வது? எந்தக் குட்டிக்கும் செய்வதைத்தான். ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். சீம்பாலை முதல் ஆறு மணி நேரத்துக்குள் நன்றாகக் குடிக்க விடுங்கள். அதற்கு மேல் நோய் எதிர்ப்புப் புரதத்தை உறிஞ்சும் திறன் குறைந்துகொண்டே போகும், ஒரு நாளில் நின்றுவிடும். பிறகு வாலடியைக் கவனியுங்கள். கரும்பச்சை முதல் லத்தி விழுந்து அதன்பின் மஞ்சள் லத்தி வந்தால் குடல் வேலை செய்கிறது, நிம்மதியாக இருங்கள். 12 மணி நேரமாகியும் ஒன்றும் வராமல் குட்டி வாலைத் தூக்கி முக்கினால், புரண்டால், வயிறு உப்பினால் உடனே மருத்துவரை அழையுங்கள். சாதாரண மலக்கட்டும் இதே அறிகுறிகளைத்தான் காட்டும், அதற்குச் சிகிச்சை உண்டு. வெள்ளை என்பதால் விதி என்று விட்டுவிட்டால், எனிமாவில் பிழைத்திருக்கும் குட்டி செத்துப்போகும்.

கே: கருஞ்சிவப்புத் தாய், சிவப்புத் தந்தை. வெள்ளைக் குட்டி பிறக்குமா? தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்களே!
– கிண்டி வாசகர்

ப: எந்த வெள்ளை என்பதைப் பொறுத்தது. கிரே என்றால் பிறக்காது. கிரே படி இருந்தால் வெளிப்பட்டே தீரும், தலைமுறை தாண்டி ஒளிந்து வராது. பெற்றோரில் ஒருவராவது கிரேயாக இல்லாமல் குட்டி கிரே ஆனால் பதிவேட்டில் உள்ள தந்தை அந்தக் குட்டியின் தந்தை அல்ல. பந்தயக் குதிரைப் பதிவில் இது பழைய சோதனை, இப்போது டி.என்.ஏ. வந்து உறுதிப்படுத்துகிறது. பெற்றோர் இன்னும் நரைக்கத் தொடங்காத இளம் குதிரையா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

பிறவி வெள்ளையில் கதை வேறு. கிட் மரபணுவில் புதிய பழுது எந்தத் தலைமுறையிலும் திடீரென நேரலாம். ஜப்பானில் 1996-ல் பிறந்த ஷிராயுகிஹிமே என்ற பெண்குதிரைக்குத் தந்தை சண்டே சைலன்ஸ், கரும்பழுப்பு, தாயும் வெள்ளை அல்ல. குட்டி வெள்ளை. அங்கே தோன்றிய மாற்றத்துக்கு டபிள்யூ14 என்று பெயர். அதன் பேத்தி சோதாஷி 2020-ல் ஹான்ஷின் ஜுவெனைல் ஃபில்லீஸ் பந்தயத்தை வென்று, முதல்தரப் பந்தயம் வென்ற முதல் வெள்ளைத் தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) ஆனது. 2021-ல் ஓகா ஷோ பந்தயத்தையும் வென்றது. வெள்ளைக் குதிரை ஓடாது என்ற பேச்சு அத்தோடு போயிற்று. அழகுக்காக மட்டும் இந்த நிறத்தை விரும்புகிறவர்கள் சோதாஷி ஓடியதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கே: சினைக் குதிரைக்குக் குங்குமப்பூவும் பாலும் கொடுத்தால் குட்டி வெளுக்குமா?
– மயிலாப்பூர் வாசகி

ப: வெளுக்காது. நிறம் கரு உண்டான நொடியிலேயே முடிவாகிவிடும். அந்தப் பணத்தில் நல்ல பசும்புல்லும் தாது உப்புக் கட்டியும் வாங்குங்கள். குட்டியின் எலும்புக்கு உதவும்.

கே: நீலக்கண், முகம் முழுக்க வெள்ளை உள்ள எங்கள் குதிரை பின்னால் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. முரடா?
– போரூர் வாசகர்

ப: காது கேட்காமல் இருக்கலாம். உட்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் பகுதி உயிரோடு இருக்க நிறமிச் செல்கள் வேண்டும். அவை அங்கே போய்ச் சேராவிட்டால் செவிடு. எம்.ஐ.டி.எஃப்., பாக்ஸ்3 என்ற மரபணுக்களால் வரும் ஸ்பிளாஷ் வகை வெள்ளையில் இது அதிகம். வெள்ளைச் சாயத்தில் கீழிருந்து முக்கி எடுத்ததுபோல் கால், வயிறு, முகம் வெளுத்திருக்கும்.

குதிரை உங்களைப் பார்க்காதபடி லாயத்துக்கு வெளியே நின்று, தரை அதிராமல் தீவனச் சாக்கைச் சலசலக்கச் செய்யுங்கள். காதுமடல் ஒலி வரும் பக்கம் திரும்புகிறதா என்று வேறு வேறு நேரங்களில் பாருங்கள். திரும்பவே இல்லை என்றால் சாட்டையை எடுக்காதீர்கள். பக்கவாட்டில், கண்ணில் படும்படி போய்த் தோளில் கை வைத்துப் பழக்குங்கள். செவிட்டுக் குதிரை தொடுகைக்கு நன்றாகப் பழகும். திடீரெனப் பின்னால் போய்த் தொட்டால்தான் உதைக்கும். புதிதாக வரும் சைஸுக்கு (குதிரையைப் பராமரிப்பவருக்கு) இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கே: சித்திரை வெயிலில் எங்கள் வெள்ளைக் குதிரையின் மூக்கு வெந்து உரிகிறது. என்ன தடவலாம்?
– திருவான்மியூர் வாசகர்

ப: சிவந்த தோல் என்றால் வெயிலில் வேகும். கருந்தோல் கிரேக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. காலை பத்து முதல் மாலை நான்கு வரை நிழல். மூக்கு, உதடு, கண்ணோரம் ஆகிய இடங்களைக் கழுவித் துடைத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பை வெள்ளையாகத் தெரியும் அளவுக்குக் கனமாகப் பூசுங்கள். கண்ணுக்குள் போகக் கூடாது. தண்ணீர் குடித்தால் கரைந்துவிடும் என்பதால் மீண்டும் பூச வேண்டும். கடற்கரையில் மணலும் வெயிலைத் திருப்பி அடிப்பதால் மூக்கின் அடிப்பக்கத்தையும் விடாதீர்கள். கண்ணின் மூன்றாம் இமையிலும் பிறப்புறுப்பிலும் ஆறாத புண், பூக்கோசு போன்ற வளர்ச்சி தென்பட்டால் அது புற்றாக இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். மூக்கு மட்டுமல்லாமல் உடம்பில் வெள்ளை உள்ள இடமெல்லாம் வீங்கி, கசிந்து, பொருக்குத் தட்டி, நிறமுள்ள இடம் சுத்தமாக இருந்தால் அது வெறும் வெயில் புண் அல்ல. கல்லீரல் கெட்டால் புல்லின் பச்சையம் சிதைந்து வரும் ஒரு பொருள் வெளியேறாமல் இரத்தத்தில் தங்கித் தோலுக்கு வரும். வெயில் பட்டதும் தோலைச் சுடும். நம் ஊரில் உண்ணிச்செடி தின்ற மாடு, ஆடுகளில் இதைப் பார்க்கிறோம். களிம்பு பூசிக்கொண்டிருந்தால் நாள் வீணாகும். குதிரையை இருட்டான லாயத்தில் கட்டி, இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

கே: மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்க வேண்டுமா? எப்படி அனுப்புவது?
– ஆவடி வாசகர்

ப: வேரோடு பிடுங்கிய முடி போதும். பிடரியில் நான்கைந்து முடியாக விரலில் சுற்றி, தோலை ஒட்டிப் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் தெரிய வேண்டும், டி.என்.ஏ. இருப்பது அதில்தான். அப்படி 20 முதல் 30 முடி. குட்டியின் பிடரி முடி மெல்லியதாக நடுவில் அறுந்துவிடும் என்பதால் வாலில் எடுங்கள். கத்தரித்த முடி, சீப்பில் சேர்ந்த முடி, தரையில் கிடந்த முடி எதுவும் உதவாது. வேர் இருக்காது, இல்லையென்றால் பக்கத்துக் குதிரையின் முடியும் கலந்திருக்கும்.

ஒரு குதிரை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். முடி ஈரமாக இருக்கக் கூடாது. சென்னைப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். காகித உறையில் போட்டு, வேர்ப்பக்கத்தைத் தொடாமல் மறுமுனையில் ஒட்டுங்கள். உறைமேல் குதிரையின் பெயர், வயது, பாலினம், தாய் தந்தை விவரத்தை எடுக்கும்போதே எழுதிவிடுங்கள். இரண்டு குதிரைக்கு எடுத்துவிட்டு வீட்டில் போய் எழுதலாம் என்று வைத்தால் மாறிவிடும்.

“நிறப் பரிசோதனை” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்: சாம்பலாகிக்கொண்டிருந்தால் கிரே, வெண்ணெய் நிறமும் நீலக்கண்ணும் என்றால் கிரீம், சிவந்த தோலும் பழுப்புக் கண்ணும் என்றால் கிட் வகைகள், திட்டு உள்ளதை இணை சேர்க்கப்போகிறீர்கள் என்றால் ஃபிரேம். கிட் சோதனையில் இல்லை என்று வந்தால் ஆய்வுக்கூடம் தேடிய வகைகள் இல்லை என்றுதான் பொருள். புதிதாகத் தோன்றிய பழுது அந்தப் பட்டியலில் இருக்காது. ஃபிரேம் அப்படியல்ல. அங்கே தேடுவது ஒரே ஒரு மாற்றம், அது இல்லை என்று வந்தால் உறுதியாக நம்பலாம். முடிவுத்தாளைக் குதிரையின் தடுப்பூசிப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்; விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள், வாங்குகிறவர் அடுத்த இணையைத் தேடும்போது கேட்கப்போகும் முதல் தாள் அதுதான்.